ஏப்ரலில் தொடங்கும் கால்பந்து

(குறுவட்ட விளையாட்டுப் போட்டிகளை நடத்தும் ஆசிரியர்கள், தலைமையாசிரியர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தேர்வு, விடைத்தாள் திருத்தம் என்று எல்லோரும் ஓடிக்கொண்டிருக்கும் ஏப்ரல் மாதத்தில் கால்பந்து பற்றிப் பேசக் கூப்பிட்டால் சலிப்புதான் வரும். பள்ளி திறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் பல ஆண்டுகள் இருந்தவன்தான். அந்த எண்ணத்தை மாற்றிய ஒரு காலைப் பொழுதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் குறுவட்டச் செயலாளராக இருந்த முதல் ஆண்டு. 14 வயதுக்கு உட்பட்ட மாணவியர் பிரிவுக்கு ஒரு நடுநிலைப் பள்ளியிலிருந்து எட்டே பேர் வந்திருந்தார்கள். இரண்டு பேருந்து மாறி, ஒன்பது மணிக்குமேல் வந்து, புளியமரத்தடியில் காலணியை மாட்டிக்கொண்டிருந்தார்கள். தகுதிப் படிவத்தைச் சரிபார்த்தேன். இரண்டு மாணவியரின் பிறந்த தேதி பிறப்புச் சான்றிதழோடு ஒத்துப்போகவில்லை. இருவரையும் நீக்கினேன். மீதி ஆறு பேர். ஓர் அணியில் ஏழு பேராவது இல்லாமல் ஆட்டத்தைத் தொடங்கக் கூடாது என்பது கால்பந்து விதி. எதிரணிக்கு ‘வாக் ஓவர்’ கொடுத்தேன். அந்த எட்டுப் பேரும் பந்தைத் தொடாமலேயே ஊர் திரும்பினார்கள். வென்றதாக எழுதப்பட்ட அணியும் அந்தச் சுற்றில் ஆடவில்லை.

விதிப்படி நான் செய்தது சரி. ஆனால் அந்தப் படிவம் முந்தைய நாள் மாலையே என் மேசைக்கு வந்திருந்தது. நான் பிரித்துப் பார்க்கவில்லை. குலுக்கலுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். பிறகு விசாரித்தபோது, ஒருத்திக்கு நாளும் மாதமும் இடம் மாறி எழுதப்பட்டிருந்தது. இன்னொருத்திக்கு முதல் வகுப்பில் சேர்த்த அன்று பதிவேட்டில் ஏறிய தேதியே தவறு.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களை இந்தக் கூட்டத்துக்கு ஏன் அழைத்தேன் என்பது இப்போது புரிந்திருக்கும். ஐந்தாம் வகுப்பு முடித்துப் போகிற பிள்ளையின் பிறப்புச் சான்றிதழையும் சேர்க்கைப் பதிவேட்டையும் எமிஸ் பதிவையும் ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நானும் இப்போது உத்தேச அணிப் பட்டியலை ஏப்ரலிலேயே வாங்கிவிடுகிறேன். பிழை தெரிந்தால் திருத்த இரண்டு மாதம் கையில் இருக்கும். போட்டி நாள் காலையில் இரண்டு நிமிடம்கூட இருக்காது.

அடுத்தது ஆட்ட எண்ணிக்கை. குறுவட்டப் போட்டி நாக் அவுட் முறையில் நடக்கிறது. 16 அணிகள் என்றால் மொத்தம் 15 ஆட்டம். எட்டு அணிகள் ஒரே ஆட்டத்தோடு வீட்டுக்குப் போய்விடும். ஆண்டு முழுக்கக் காத்திருந்த பிள்ளைக்கு ஓர் ஆட்டம்! அந்த முறையை நாம் மாற்ற முடியாது. ஆனால் அதற்கு முன்பே நமக்குள் ஒரு நட்பு லீக் வைத்துக்கொள்ள யாரும் தடை சொல்லவில்லை.

கணக்கு போட்டுப் பார்த்தேன். 16 அணிகளை நான்கு பிரிவாக்கினால், பிரிவுக்கு ஆறு வீதம் 24 ஆட்டம். ஒவ்வொரு அணிக்கும் மூன்று ஆட்டம் உறுதி. மைதானத்தைக் குறுக்கே இரண்டாகப் பிரித்து, அணிக்கு ஏழு பேர், 4ஆம் எண் பந்து, பாதிக்கு 20 நிமிடம். இடைவேளை ஐந்து, அணி மாற பத்து என்று ஓர் ஆட்டத்துக்கு 55 நிமிடம். காலை 7 மணிக்குத் தொடங்கினால் 12.30க்குள் ஒரு களத்தில் ஆறு, இரண்டு களத்தில் 12. இரண்டு சனிக்கிழமையில் 24ம் முடிந்துவிடும். மூன்றாம் சனிக்கிழமை அரையிறுதியும் இறுதியும். எட்டுப் பேர் மட்டுமே உள்ள பள்ளியும் இதில் ஆடலாம்; ஒருவர் மாற்று ஆட்டக்காரர். இது கால்பந்தைச் சிறுமைப்படுத்துவது என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். இளையோருக்காகக் கள அளவு, கோல் அளவு, பந்து, நேரம் எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ள கால்பந்து விதிகளே இடம் தருகின்றன. ஜெர்மனியில் 2024–25 பருவத்திலிருந்து சிறுவர் கால்பந்தைச் சிறு அணிகளாக ஆடுவதையே கட்டாயமாக்கியிருக்கிறார்கள்.

நடுவர்கள்தான் பெரிய தலைவலி. களத்துக்கு இருவர் வீதம் நால்வர் வேண்டும். தன் பள்ளி ஆடும்போது அந்த ஆசிரியர் விசில் ஊதக் கூடாது. பதினொன்றாம் வகுப்பு மாணவர் சிலரை இந்த மாதமே உட்காரவைத்து விதிகளைச் சொல்லிக்கொடுத்தால் துணை நடுவர்களாக நிற்பார்கள். போன ஆண்டு ஒரு மாணவன் என் முடிவையே மாற்றச் சொன்னான். சொன்னது சரியாகவும் இருந்தது.

ஜூன் வெயில் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பத்து மணிக்குப் பிந்தைய ஆட்டங்களில் பாதிக்கு ஒருமுறை நிறுத்தித் தண்ணீர் கொடுங்கள். இடி கேட்டால் ஆட்டத்தை நிறுத்தி எல்லோரையும் கட்டடத்துக்குள் அனுப்புங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகே களத்துக்கு வரட்டும். மரத்தடி வேண்டாம்.

கோல் கம்பத்தை மட்டும் இந்த வாரமே அசைத்துப் பாருங்கள். தரையில் ஊன்றாத, நகர்த்தும் வகைக் கம்பம் என்றால் பின்கட்டையில் மணல் மூட்டை போட்டுக் கட்டாமல் பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். குறுக்குக் கம்பத்தில் தொங்காத பையனை நான் பார்த்ததில்லை. மாணவியர் வரும் மைதானத்தில் கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் இப்போதே எழுதி வையுங்கள்.

அந்த நடுநிலைப் பள்ளிக்கு இந்த ஆண்டின் முதல் கடிதத்தை அனுப்பிவிட்டேன். அவர்கள் ஊர்ப் பேருந்து 9.10க்குத்தான் வந்து சேருமாம். 9.45 ஆட்டத்தில் அவர்கள் பெயரை எழுதியிருக்கிறேன். மற்றப் பள்ளிகள் தங்கள் பேருந்து நேரத்தை இன்று மதிய உணவுக்கு முன் என்னிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.