இரண்டு நோய்க்கும் சேர்த்தே சிகிச்சை

(அரசாங்க சுகாதார கிளினிக் ஒன்றின் குடும்ப ஆதரவுக் கூட்டத்தில், மீண்டு வரும் ஒருவர் ஆற்றிய உரை)



"எனக்கு இருப்பது போதைப் பழக்கமா, மனநோயா?" என்ற கேள்வியோடு உங்களில் சிலர் இன்று வந்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் வந்தேன். இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம் என்பதுதான் பதில். மனச்சோர்வைத் தாங்க முடியாமல் போதைப்பொருளைத் தொட்டவர்கள் உண்டு. சியாபு எடுத்த பிறகு காதில் குரல் கேட்கத் தொடங்கியவர்களும் உண்டு.

மருத்துவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். எதை எடுத்தீர்கள், எவ்வளவு, கடைசியாக எப்போது? சியாபுவால் வரும் சந்தேகமும் குரல்களும், அதை நிறுத்திய சில நாள்களில் அல்லது வாரங்களில் பலருக்கு அடங்கிவிடும். சிலருக்கு அடங்காது, அவர்களுக்கு நீண்டகாலச் சிகிச்சை தேவைப்படும். நீங்கள் மறைத்தால் மருத்துவர் இதைச் சரியாகக் கண்டறிவது கடினம்.

நான் செய்த தவற்றை நீங்கள் செய்யாதீர்கள். சியாபுவை விட்டு ஐந்து மாதம் ஆனதும், "இனி மாத்திரை எதற்கு?" என்று நானாகவே நிறுத்தினேன். சில வாரங்களில் தூக்கம் போனது. குரல்கள் திரும்பின. அவற்றை மறக்க மறுபடியும் சியாபுவிடம் போனேன். எனக்குப் பயந்து அம்மா அறைக்கதவைத் தாழிட்டுக்கொண்டு தூங்கினார். மாத்திரையால் எடை கூடினாலோ பகலில் தூக்கம் வந்தாலோ மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவையோ மருந்தையோ மாற்ற முடியும்.

ஹெராயின் பழக்கத்திற்கு நம் நாட்டில் 2005ஆம் ஆண்டு முதல் மெத்தடோன் சிகிச்சை அளிக்கப்படுகிறது. அது மருத்துவக் கண்காணிப்பில் தரப்படும் மருந்து. அதைக் குடிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: சில காலம் ஹெராயினை விட்டவர் மீண்டும் பழைய அளவை எடுத்தால் உயிரே போகலாம். உடல் அந்த அளவைத் தாங்கும் சக்தியை இழந்திருக்கும்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். குரல் கேட்கிறது என்று அவர் சொன்னால், "பொய் சொல்லாதே" என்று வாதாடாதீர்கள். "பயமாக இருக்கிறதா? சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள். மருத்துவரைப் பார்க்க உடன் வாருங்கள்.

ஒருவேளை மீண்டும் எடுத்துவிட்டால், மறுநாளே கிளினிக்கிற்கு வாருங்கள். நான் வெட்கப்பட்டு மூன்று மாதம் ஒளிந்திருந்தேன். திரும்பி வந்தபோது தாதி கேட்ட முதல் கேள்வி, "மாத்திரை தீர்ந்து எத்தனை நாள் ஆச்சு?" என்பதுதான். யாரும் என்னைத் திட்டவில்லை.

போதைப்பொருளை நிறுத்திய தொடக்க நாள்களில் மனம் மிகவும் சோர்ந்து போகலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் தனியாக இருக்காதீர்கள். சுகாதார அமைச்சின் ஹீல் 15555 எண்ணை அழையுங்கள். உடனடி ஆபத்து என்றால் 999.

உங்கள் அட்டையில் அடுத்த சந்திப்புத் தேதி இருக்கிறது. உடல்நிலை நன்றாக இருந்தாலும் அன்று கட்டாயம் வாருங்கள். நானும் வருவேன்.