பின்லாந்து மக்களின் தோற்றமும் உயர்வும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



'நம் முன்னோர் யாவர்? எங்கிருந்து வந்தனர்?' என்னும் வினா எக்குலத்தார் இல்லத்திலும் எழுவதே. அவ்வினாவிற்கு விடை தேடிய ஒரு சிறு தேசத்தாரின் வரலாற்றை இன்று உங்கள்முன் எடுத்துரைக்க முற்படுகின்றேன். அவர்கள் ஐரோப்பாவின் வடகோடியில், சுவீடனுக்கும் ருசியாவுக்கும் இடையே வாழும் பின்லாந்து மக்கள். தம் நாட்டை அவர்கள் 'சுவோமி' என வழங்குவர். காடும் ஏரியும் நிறைந்த அந்நாட்டின் மக்கட்டொகை இன்று ஏறக்குறைய 56 இலட்சமே.

முதற்கண் அவர்தம் மொழியை நோக்குவோம். ஐரோப்பிய மொழிகளிற் பெரும்பாலன வடமொழியோடு உறவுடைய ஒரு பெருங்குடும்பத்தைச் சார்ந்தவை. பின்னிய மொழியோ அதனைச் சாராது, யூரலியம் என்னும் வேறொரு குடும்பத்தைச் சார்ந்தது. எஸ்தோனியம், சாமி, அங்கேரியம் முதலியன அதன் கிளைமொழிகள். தமிழைப் போலவே அம்மொழியும் சொல்லின் இறுதியில் உருபுகளை ஒட்டிச் செல்லும் இயல்பினது. 'தலொ' என்பது வீடு. 'தலொஸ்ஸ' என்பது வீட்டில். 'தலொஸ்ஸனி' என்பது என் வீட்டில். நம் இலக்கணம் 8 வேற்றுமை கூற, அவர் இலக்கணம் 15 கூறும். இவ்வொப்புமை கண்டே கால்டுவெல் ஐயர், 1856-இல் வெளியிட்ட தம் ஒப்பிலக்கணத்தில், திராவிட மொழிகட்கும் பின்னியம் முதலியவற்றிற்கும் உறவு உண்டெனக் கருதினார். இக்கால மொழிநூலார் அதனை ஏற்பதில்லை. அமைப்பொப்புமை வேறு, பிறப்புறவு வேறு என்பர். எனினும், சிந்துவெளி எழுத்துக்களைத் திராவிட மொழிவழி ஆராய்ந்த அஸ்கோ பர்ப்போலா என்னும் பின்லாந்து அறிஞர்க்கு 2010-இல் கோவைச் செம்மொழி மாநாட்டில் விருது வழங்கப்பெற்றது நம்மவர் அறிந்ததே.

நிற்க. தம் தோற்றம்பற்றி அம்மக்கள் கேட்ட விடைகளுள் ஒன்று புகழ்மொழி. அக்காலத்தே அவர்கள் சுவீடன் அரசரின் குடிகள். கல்விக்கூடத்தில் இலத்தீனமும் அலுவலகத்தில் சுவீடியமுமே வழங்கின. உழவர் நாவில் மட்டும் பின்னியம் உயிர்த்திருந்தது. 1695 முதல் 1697 வரை நேர்ந்த பெரும்பஞ்சத்தில் மக்களில் நாலிலொன்று முதல் மூன்றிலொன்று வரை மாண்டனர். அதன்பின் 1700-இல் தானியேல் யூசுலேனியுசு என்னும் கல்விமான் துர்க்கு நகரின் பெருமை கூறும் நூலொன்றை இயற்றி, விவிலியத்திற் கூறப்படும் நோவாவின் பேரன் மாகோகின் வழித்தோன்றல்களே பின்னியர் என்றும், அவர்மொழி எபிரேயத்திற்கும் கிரேக்கத்திற்கும் உறவுடையது என்றும் நாட்ட முயன்றார். நலிந்த மக்களுக்கு அஃது ஆறுதலாக இருந்திருக்கலாம். ஆயினும், சான்றில்லாப் புகழ் ஆராய்ச்சியின்முன் நிலைபெறவில்லை.

பிறிதொரு விடை இழிமொழி. தலையோட்டின் வடிவாலும் தோலின் நிறத்தாலும் மாந்தரை வகுத்த ஆசிரியர் பலர், பின்னியரை மங்கோலியர் என வகுத்து, ஐரோப்பியருட் கீழானோர் எனவும் பேசினர். அப்பேச்சு ஏட்டளவில் நிற்கவில்லை. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்திற் குடியேறிய ஜான் சுவான் என்னும் பின்லாந்துக்காரர் குடியுரிமை வேண்டியபொழுது, அவர் மங்கோலியர், வெள்ளையர் அல்லர் என்று 1908-இல் அரசு வழக்கறிஞர் தடை கூறினார். நீதிபதி வில்லியம் காண்ட் அத்தடையை நீக்கினார். சுவான் தப்பினார், சட்டமோ மாறவில்லை. அதே சட்டத்தைக் காட்டி, 1923-இல் பகத்சிங் திந்து என்னும் இந்தியர்க்குக் குடியுரிமைத் தகுதி இல்லையென அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்த்தது. பிறப்பை அளவுகோலாகக் கொள்வார் கையில் எளியோர் படும் பாடு இத்தகையது!

இனி உண்மை யாதெனின், பனியூழி கழிந்து ஏறத்தாழ 11,000 ஆண்டுகட்கு முன் அந்நிலத்தில் மாந்தர் குடிபுகுந்தனர். 1913-இல் அந்திரியா என்னுமிடத்தில் அகழ்ந்தெடுத்த, மரநாரால் முடைந்த மீன்வலை 10,000 ஆண்டுகட்கு மேற்பட்டது. யூரலிய மொழி நெடுங்காலம் கழித்தே கிழக்கிலிருந்து அப்பகுதிக்கு வந்தது. கோலா தீபகற்பத்துப் பழங்கல்லறை எலும்புகளின் மரபணுக்களை ஆராய்ந்தோர், சைபீரிய மக்களின் கலப்பு 3,500 ஆண்டுகட்கு முன்னரே அவ்வடபுலத்தை எய்தியதை 2018-இல் வெளியிட்டனர். மேற்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வேறு குடிகள் வந்து கலந்தன. மொழியும் இதற்குச் சான்று பகரும். அரசனைக் குறிக்கும் 'குனிங்கஸ்' செருமானியரிடம் பெற்றது. நூற்றைக் குறிக்கும் 'சத' ஆரிய மொழியினரிடம் பெற்றது. நாம் வழங்கும் 'சதம்' அதன் உடன்பிறப்பே. ஆகவே, பின்னியர் பல ஆறுகள் கூடிய ஒரு பெருநீர் போல்வர். இன்னொன்றும் மறைத்தற்கில்லை. பின்னிய உழவர் பரவப் பரவ, அவர்க்கு முன் உள்நாட்டில் வாழ்ந்த சாமி மக்கள் வடக்கே ஒதுங்க நேர்ந்தது.

அங்ஙனமாயின் அவர்தம் உயர்வு எதனால் வந்தது? எழுத்தாலும் கல்வியாலும் வந்தது. மிக்கேல் அகிரிகோலா என்னும் சமயகுரு 1543-இல் பின்னிய அரிச்சுவடியை அச்சிட்டார். 1548-இல் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து வெளியிட்டார். 1686-இன் திருச்சபைச் சட்டம், குடிகள் யாவரும் வாசிக்கக் கற்கவேண்டும் என விதித்தது. 1809-இல் நாடு ருசியப் பேரரசின் கீழ்ச் சென்றது. அக்காலத்தே எலியாசு லொன்ரோத் என்னும் மருத்துவர், தையற்காரர் ஒருவரின் மகன், சிற்றூர்தோறும் நடந்து சென்று, கல்லா முதியோர் பாடிய பழம்பாடல்களைக் கேட்டெழுதினார். அவற்றைத் தொகுத்து 1835-இல் 'கலேவலா' என்னும் பெருங்காப்பியமாக வெளியிட்டார். 1849-இல் அது 50 படலங்களாக விரிந்தது. உழவர் மொழியெனப் பலரும் இகழ்ந்த மொழியில் காப்பியம் உண்டென உலகம் கண்டது! 1858-இல் யுவாசுகுலா நகரிற் பின்னிய மொழியிற் கற்பிக்கும் முதல் உயர்நிலைப்பள்ளி தோன்றிற்று. 20 ஆண்டுகளுக்குள் அலுவலகங்களிலும் மன்றங்களிலும் பின்னியம் சுவீடியத்தோடு சமநிலை எய்தவேண்டுமென 1863-இல் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தர் ஆணை பிறப்பித்தார்.

1906-இல் ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் ஒருங்கே வாக்குரிமை கிட்டிற்று; அடுத்த ஆண்டு 200 உறுப்பினருள் 19 பேர் பெண்மணிகள். 1917 டிசம்பர் 6-ஆம் நாள் நாடு விடுதலை எய்திற்று. 1918-இல் உடன்பிறந்தாரே பகைத்து நிகழ்த்திய உள்நாட்டுப் போரில் 36,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அக்கொடுமை நிகழ்ந்த மூன்றாம் ஆண்டே, 1921-இல், கட்டாயக் கல்விச் சட்டம் இயற்றினர் என்பது கருதற்பாலது.

அன்பர்களே! மாகோகின் வழியினர் என்ற புகழ் அம்மக்களை உயர்த்தவில்லை; மங்கோலியர் என்ற இகழ் அவர்களைத் தாழ்த்திவிடவும் இல்லை. நாமும் நம் முன்னோர் வரலாற்றை ஆராய்வோம். சான்று கொண்டு ஆராய்வோம். பிறரைத் தாழ்த்தாது ஆராய்வோம். அதனினும் முந்துற ஆற்றவேண்டிய கடன் இரண்டு உள. நம் இல்லங்களில் பள்ளி செல்லாத பிள்ளை, ஆணாயினும் பெண்ணாயினும், ஒன்றும் இருத்தலாகாது. நம் பாட்டிமார் பாடும் தாலாட்டும் கும்மியும் ஒப்பாரியும் அவர்களோடு மறைந்தொழியுமுன், எழுத்தறிந்த இளைஞர் ஏடும் எழுதுகோலுமாய் அவர்கள்முன் அமர்தல் வேண்டும். லொன்ரோத் செய்தது அதுவே.