வானொலியும் நாங்களும்

(ஜூபிலி விழாவையொட்டி நடைபெற்ற நோயாளிகள் தினக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அண்ணன் தம்பியாகிய எங்கள் இருவரையும் மேடையேற்றியதற்கு நன்றி. நாங்கள் சொற்பொழிவாளர்கள் அல்ல. ஹாம் வானொலி என்ற பொழுதுபோக்கு எங்களை மீண்டும் சேர்த்துவைத்த கதையைச் சொல்லவே வந்தோம்.

அரசின் உரிமம் பெற்ற தனி மனிதர், தம் வீட்டிலிருந்தபடியே கம்பியில்லாக் கருவி மூலம் வெளியூராருடனும் வெளிநாட்டாருடனும் உரையாடுவதே ஹாம் வானொலி. இதில் வியாபாரம் பேசக் கூடாது. பாட்டும் ஒலிபரப்பக் கூடாது. ஹாம்கள் பலர் தங்கள் பாதுகாவலராகப் போற்றும் புனித மாக்சிமிலியன் கோல்பே, போலந்தில் தம் துறவு மடத்திலேயே 1938-ல் வானொலி நிலையம் தொடங்கியவர்.

இளமையில் நாங்களும் பழைய உதிரிப் பாகங்களை வாங்கிப் பற்றவைத்து இதில் மூழ்கிக் கிடந்தோம். பிறகு உத்தியோகம், குடும்பம், பாகப்பிரிவினை என்று ஆளுக்கொரு பக்கம் போனோம். கருவி பரணுக்குப் போயிற்று. எங்களுக்குள் பேச்சும் அற்றுப் போயிற்று.

2023-ல் எங்களில் மூத்தவருக்கு இருதயத்தில் பைபாஸ் அறுவைச் சிகிச்சை நடந்தது. இளையவர் போய்ப் பார்த்தபோது தொண்டையில் சுவாசக் குழாய் இருந்ததால் மூத்தவரால் பேச முடியவில்லை. கையைப் பற்றியதும் உள்ளங்கையில் ஒரு விரல் அழுந்தியது. இரண்டு நெடில், மூன்று குறில். பிறகு மூன்று குறில், இரண்டு நெடில். மோர்ஸ் சங்கேதத்தில் அது 73. 'நல்வாழ்த்துகள்' என்று பொருள். ஆனால் ஹாம்கள் அதைச் சொல்வது விடைபெறும்போது! இளையவர் கலங்கிப் போனார். உடனே அண்ணன் கையில் நெடில், குறில், நெடில் என்று அழுத்தினார். அது 'கே' என்னும் ஆங்கில எழுத்து. 'மேலே சொல்லுங்கள், கேட்கிறேன்' என்று பொருள். பல ஆண்டுகளுக்குப் பின் நாங்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

வீடு திரும்பியதும் மருத்துவர் கண்டிப்பாகச் சொன்னார்: நெஞ்செலும்பு கூடும் வரை பாரம் தூக்கக் கூடாது, கைகளைத் தலைக்கு மேல் உயர்த்தக் கூடாது. ஆகவே மூத்தவர் நாற்காலியிலிருந்து கட்டளையிட, இளையவரும் பக்கத்து வீட்டுப் பையன்களும் மொட்டை மாடிக்கும் தென்னை மரத்துக்கும் இடையே 20 மீட்டர் கம்பியைக் கட்டினார்கள். அது 7 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு ஏற்ற நீளம். உரிமம் காலாவதியாகியிருந்தது, உரிமமின்றிப் பேசுவது குற்றம். எனவே கேட்பதோடு நின்றோம்.

நோயாளிக்கு இரவு நீளமானது. ஆனால் 7 மெகாஹெர்ட்ஸுக்கு இரவே உகந்த நேரம். பகலில் வானத்தின் கீழ்ப்படலம் ஒன்று அலையை விழுங்கிவிடும். சூரியன் மறைந்ததும் அப்படலம் கரையும். அலை இன்னும் மேலே சென்று, சுமார் 300 கிலோமீட்டர் உயரத்திலுள்ள படலத்தால் திருப்பப்பட்டுத் தூர தேசங்களில் இறங்கும். தூக்கமில்லாத அந்த இரவுகளில், யாரோ ஒருவர் மீண்டும் மீண்டும் அழைத்தும் பதில் கிடைக்காமல் ஓய்ந்துபோவதைக் கேட்டோம். எங்களாலும் பதில் சொல்ல முடியவில்லை. ஒரே ஊரில் இருந்துகொண்டே நாங்கள் ஒருவருக்கொருவர் பதில் சொல்லாதிருந்த ஆண்டுகள் அப்போது நெஞ்சைச் சுட்டன.

சில மாதங்களில் உரிமம் வந்தது. எங்கள் முதல் அழைப்புக்கு இலங்கையிலிருந்து ஒருவர் பதில் சொன்னார். அன்று மூத்தவர் கஞ்சிக்குப் பதில் இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்!

இது வெறும் விளையாட்டன்று. 2004 டிசம்பர் 26-ல் ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கித் தொலைபேசிகள் செயலிழந்தபோது, அப்போது போர்ட் பிளேயரில் முகாமிட்டிருந்த ஹாம்கள் தீவு மக்களின் செய்திகளை உறவினர்களுக்கு எட்டச் செய்தார்கள்.

அன்பர்களே, ஹாம்களின் முதல் பாடம், பேசுமுன் கேட்க வேண்டும் என்பது. நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் ஹார்லிக்ஸும் ஆப்பிளும் தாராளமாகக் கொண்டு செல்லுங்கள். கூடவே அவர் கையைப் பற்றி, 'மேலே சொல்லுங்கள்' என்று ஐந்து நிமிடம் கேளுங்கள். பேச்சு முறிந்த சகோதரன் எவனும் உங்களுக்கு இருந்தால், அவன் மருத்துவமனைக்குப் போகும் வரை காத்திராதீர்கள்.

உங்கள் அனைவருக்கும் எங்கள் 73!