ஒரு காணிக் காடு

வீடு வாங்கினார், மனை வாங்கினார், தோப்பு வாங்கினார் என்று நாம் நாள்தோறும் கேட்கிறோம். காடு வாங்கினார் என்று எவரையேனும் குறித்துச் சொல்லக் கேட்டதுண்டா? காடு என்றால் அரசுக்கு உரியது, அல்லது அய்யனாருக்கு உரியது; தனி மனிதருக்கு அங்கே என்ன வேலை என்பதே நம்மிடையே உள்ள பொதுவான எண்ணம். ஓய்வு பெற்ற ஆசிரியன் ஒருவன் தன் பணிக்கொடையில் ஒரு பகுதியைச் செலவிட்டு ஒரு காணிக் காட்டை வாங்கிய செய்தியையும், அதைக் காப்பதில் உள்ள இன்பத்தையும் தொல்லையையும் மாணவ நண்பர்களாகிய உங்களுக்கு இன்று சொல்ல விரும்புகிறேன். அந்த ஆசிரியன் நானே.

காணி என்றதும் உங்களில் சிலர் விழிக்கக்கூடும். நம் புதுவைப் பகுதியில் நூறு குழி கொண்டது ஒரு காணி. பிரெஞ்சுக்காரர் கொண்டுவந்த எக்டர், ஆர், சென்டியார் என்னும் அளவைகளில் சொன்னால், ஏறக்குறைய 53½ ஆர்; ஏக்கரில் ஒன்றேகாலுக்குச் சற்று மேல். அரியாங்குப்பத்தில் உள்ள என் வீட்டிலிருந்து மிதிவண்டியில் முக்கால் மணி நேரம் சென்றால் அந்த இடம் வரும். 2018ஆம் ஆண்டில் நான் அதை வாங்கியபோது, காய்ப்பு ஓய்ந்த பழைய மாந்தோப்பு அது. உடையவர்கள் வெளியூர் சென்றுவிட்டமையால் பல்லாண்டு உழவின்றிக் கிடந்தது. மாமரங்களின் இடையே வேம்பும் நாவலும் புங்கமும் தாமே முளைத்து எழுந்திருந்தன. வடமேற்கு மூலையில் ஒரு வீரை மரம், எவரும் நடாதது, கரும்பச்சை இலைகளோடு நின்றது. அதைக் கண்ட பிறகே விலை பேசினேன்.

தோப்புக்கும் காட்டுக்கும் வேறுபாடு என்ன? அரிக்கமேட்டைப் பார்த்திருப்பீர்கள். 1945ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்து, உரோமானிய வணிகத்தின் தடயங்களை வெளிக்கொணர்ந்த மேடு அது. அங்கே நிற்கும் மாமரங்கள் தோப்பு. மனிதன் வேண்டிய மரத்தை வேண்டிய இடைவெளியில் நடுகிறான். எல்லாம் ஏறக்குறைய ஒரே வயதின. காட்டிலோ கிழ மரம், குமரி மரம், முளை விட்ட கன்று, சாய்ந்து மட்கும் கட்டை ஆகிய நான்கும் ஒருங்கே இருக்கும். மரம் வளர்ப்போர் நம் பக்கத்தில் பெரிதும் விரும்புவது சவுக்கு. நட்ட நான்கைந்து ஆண்டுகளில் வெட்டிப் பணமாக்கலாம். அதில் குறை காண்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அது ஒரு பயிர். (சவுக்கின் பச்சை ஊசிகளை இலை என்று தேர்வில் எழுதிவிடாதீர்கள். அவை கணுக்கள் கொண்ட நுண்கிளைகள். உண்மையான இலைகள் அக்கணுக்களில் செதில்களாக ஒட்டியுள்ளன. கண்ணை நெருக்கிப் பார்த்தால்தான் தெரியும்.)

சோழமண்டலக் கரைக்கென்று இயற்கை அளித்த காடு ஒன்று உண்டு. வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று அதனைக் கூறுவர். நமக்கு மழையின் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் பெய்துவிடுகிறது, பின்னர் நெடுங்கோடை. அவ்வளவு நீண்ட வறட்சியிலும் இலையை உதிர்க்காமல், தோல் போன்ற தடித்த இலைகளால் நீரைக் காத்துக்கொள்ளும் மரங்கள் இக்காட்டின: வீரை, காயா, உலக்கைப்பாலை, கருங்காலி, காட்டெலுமிச்சை. 1955ஆம் ஆண்டில் புதுவையில் தோன்றிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் அறிஞர்கள் இக்காட்டின் எச்சங்களைத் தேடிப் பதிவு செய்தனர். எச்சங்கள் என்றுதான் சொல்ல வேண்டும். அவற்றுட் பெரும்பாலானவை கோயிற் காடுகள். புதுவைக்கு வடக்கே கடற்கரைச் சாலையில் உள்ள கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயிற் காடு அவற்றுள் ஒன்று. ஒருமுறை சென்று பாருங்கள். நண்பகலிலும் உள்ளே நிழல் இருண்டிருக்கும்.

இனி வாங்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பட்டா, வில்லங்கச் சான்று, எல்லைக் கற்கள், போக்குவரத்துக்கு உரிய வழி ஆகிய நான்கும் சரியாக இருத்தல் வேண்டும். வழியில்லாத காட்டை வாங்கியவர் ஆண்டுதோறும் அண்டை நிலத்தாரிடம் கைகட்டி நிற்க நேரும். பழைய ஆவணங்களில் ‘ஜலம், தரு, பாஷாணம்’ என்று எழுதுவார்கள். நீரும் மரமும் கல்லும் நிலத்தோடு சேர்ந்து கைமாறுகின்றன என்பது பொருள். என் பத்திரத்தில் மரங்களைத் தனித்தனியே எண்ணி எழுதச் செய்தேன். எழுத்தர் சிரித்தார், எழுதிக் கொடுத்தார்.

முதலாண்டில் நான் ஒரு கன்றும் நடவில்லை. எங்கே நீர் தேங்குகிறது, எங்கே மண் அரிக்கிறது, எந்த விதை தானாக முளைக்கிறது என்று குறித்துக்கொண்டு சுற்றியதோடு சரி. நாவற்பழத்தைத் தின்ற பறவைகளும், இலுப்பைப் பழத்தைச் சுமந்து செல்லும் பழந்தின்னி வௌவால்களும் என்னைவிடத் தேர்ந்த தோட்டக்காரர்கள் என்பது அவ்வாண்டில் விளங்கியது. செய்த வேலைகள் சில உண்டு. சரிவுக்குக் குறுக்கே வரப்புகள் போட்டேன். சீமைக்கருவேலத்தை வேரோடு தோண்டி அகற்றினேன். மேலே வெட்டினால் அது தழைத்துக்கொண்டே இருக்கும். ஆடுகள் புகாதிருக்கக் கிளுவைக் கொம்புகளை நட்டு உயிர்வேலி அமைத்தேன். காட்டுக்கு ஆட்டைப்போல் பகை வேறில்லை. கோடரி வளர்ந்த மரத்தைத்தான் வெட்டும். ஆடு அடுத்த தலைமுறையையே மேய்ந்துவிடும்.

சருகு பற்றி ஒரு வழக்கு எழுந்தது. பக்கத்து ஊர் மூதாட்டி ஒருவர் நெடுங்காலமாக அங்கே சுள்ளியும் சருகும் பொறுக்கி அடுப்பெரித்து வந்தார். “ஐயா, நீங்க வாங்கினது மரத்தைத்தானே, உதிர்ந்ததையுமா?” என்று அவர் கேட்டபோது, எனக்கு உடனே விடை தோன்றவில்லை. உதிர்ந்த சுள்ளி அவருக்கு, சருகு மண்ணுக்கு என்று இருவரும் பேசி முடித்தோம். சருகு மட்கினால்தான் மண் மழைநீரைப் பிடித்து வைக்கும். இதற்குச் சான்றாக ஒருவர் செய்த வேலையைச் சொல்கிறேன். நம் மாநிலத்தைச் சேர்ந்த மாயேயிலிருந்து மேற்குக் கரையோடு வடக்கே சென்றால் காசர்கோடு மாவட்டம். அங்கே புலியங்குளம் என்னும் இடத்தில், 1977ஆம் ஆண்டில், அப்துல் கரீம் என்பவர் ஐந்து ஏக்கர் செம்பாறை மேட்டை 3,750 ரூபாய்க்கு வாங்கினார். பயிருக்கு உதவாத நிலம்; கிணறு வறண்டிருந்தது. முதலில் நட்ட கன்றுகள் பட்டுப்போயின. தொலைவிலிருந்து இருசக்கர வண்டியில் நீர் சுமந்து ஊற்றி மறுபடியும் நட்டார். மரங்கள் பிழைத்தன, சில ஆண்டுகளில் கிணற்றில் நீர் ஊறியது. பின்னர் மேலும் நிலம் வாங்கி 32 ஏக்கராகப் பெருக்கினார். உதிர்ந்த இலையை மண்ணிலேயே மட்க விட்டார். மரம் வெட்டவும் வேட்டையாடவும் இடந்தரவில்லை.

காட்டை வெட்டவே கூடாதா என்று கேட்பீர்கள். சிறு காட்டில் அளவறிந்து வெட்டுவதும் காப்பின் ஒரு பகுதியே. நெருக்கமாக எழுந்த புங்கங்கன்றுகளில் மெலிந்தவற்றைக் களைந்தால் மற்றவை தேறும். பூவரசும் வேம்பும் அடியில் வெட்டினால் மீண்டும் துளிர்க்கும். ஆகவே ஒரு பகுதியை வெட்டி, அது வளரும் வரை மறு பகுதியை விட்டுவைக்கலாம். வேப்பங்கொட்டையும் புங்கங்கொட்டையும் விற்பனையாகும். இவற்றால் எனக்குக் கிடைப்பது வேலியைப் பழுதுபார்க்கும் செலவுக்குக் கிட்டத்தட்டப் போதும். காட்டால் செல்வம் சேர்க்க எண்ணுவோர் சவுக்கே நடலாம்.

2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் ‘தானே’ புயல் மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வேகத்தில் நம் கரையைத் தாக்கியதை உங்கள் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். கடலூர் மாவட்டத்தில் முந்திரியும் பலாவும் தோப்புத் தோப்பாக வீழ்ந்தன. ஆரோவில்லில், செம்மண் மேட்டை மூடுவதற்காக முற்காலத்தில் நட்ட ஆஸ்திரேலிய அக்கேசியா மரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன. அவற்றின் நிழலில் வளர்ந்திருந்த நாட்டு மரங்கள் பெரும்பாலும் தாங்கின. 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் ‘ஃபெஞ்சல்’ வந்தது. புதுவையில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. என் காட்டில் இரண்டு கிழ மாமரங்கள் விழுந்தன. ஒன்றை அறுத்து விற்றேன். மற்றொன்றை விழுந்தபடியே விட்டுவிட்டேன். கட்டையில் இப்போது காளானும் கறையானும்; கட்டை கிடந்த திறப்பில் வெயில் விழுந்து, அதுவரை முழங்கால் உயரத்தில் காத்திருந்த நாவற்கன்றுகள் ஒரே ஆண்டில் என் தலைக்கு மேல் வளர்ந்துவிட்டன. வீரை அசையவில்லை.

இவ்வளவும் கற்றுக்கொள்ளக்கூடிய வேலைகளே. கற்றுத்தர இயலாத ஒன்று இனி வருகிறது. என் காணியைச் சுற்றி மூன்று பக்கங்களிலும் மனைகள் பிரிக்கப்பட்டுவிட்டன. நான் கொடுத்த விலைபோல் பன்மடங்கு தருவதாகச் சொல்லி ஒருவர் இருமுறை வீட்டுக்கு வந்தார். நான் மறுத்தேன். அவர் வருந்தாமல், “சரிங்க ஐயா, பிறகு பிள்ளைகளிடம் பேசிக்கொள்கிறேன்” என்று எழுந்தார். பிழையான சொல் அன்று. எனக்கு அறுபத்தேழு வயது.

வழக்கறிஞர் ஒருவரை அணுகி, இந்நிலத்தை என்றும் விற்கலாகாது என்று உயில் எழுதலாமா எனக் கேட்டேன். ஒருவருக்குச் சொத்தை முழுமையாகக் கொடுத்துவிட்டு அதை மாற்றவே கூடாது என்று தடை விதித்தால் அத்தடை செல்லாது என்பதே 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் கொள்கை என்று அவர் விளக்கினார். அரசு தலையிட்ட காலங்கள் உண்டு. 1949ஆம் ஆண்டில் சென்னை மாகாணம் தனியார் காடுகளின் அழிவைத் தடுக்கத் தனிச்சட்டம் இயற்றியது. அப்போது புதுவை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு, கூடலூர்ப் பகுதியில் மரங்கள் வெட்டப்படுவதைக் கண்டு உச்ச நீதிமன்றம் சென்றார். உடைமை எவருடையதாயினும், அகராதிப் பொருளில் காடாக இருப்பது காடே என்று 1996ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் அந்நீதிமன்றம் ஆணையிட்டது. ஆனால், பழைய தோப்பிலிருந்து காடாகிக்கொண்டிருக்கும் ஒரு காணியை எந்த அகராதி காப்பாற்றும்?

கீழ்ப்புத்துப்பட்டுக் காடு நிலைத்ததன் இரகசியம் அப்போதுதான் எனக்கு ஒருவாறு விளங்கியது. பக்தியும் அச்சமும் காரணங்களே, மறுக்கவில்லை. அவற்றோடு, நம் நாட்டுச் சட்டத்தில் கோயில் தெய்வமும் சொத்துடைய ஒரு நபர். அய்யனாருக்கு முதுமையில்லை, பாகப்பிரிவினையில்லை, வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகனில்லை. ஒரு வீரை முதிர்வதற்கு வேண்டிய காலம் அவர் கையில் இருக்கிறது.

என் மகள் கடந்த பொங்கலுக்கு வந்திருந்தபோது இதைப் பற்றிப் பேசினோம். “அப்பா, விற்க மாட்டேன் என்று இன்று சொல்லிவிட்டு நாளை மனம் மாறினால் அது உங்களை ஏமாற்றியதாகும். முதலில் அங்கே என்ன இருக்கிறது என்று எனக்குச் சொல்லுங்கள்” என்றாள். நேர்மையான பேச்சு. மறுநாள் காலையில் இருவரும் சென்றோம். நான் பள்ளி வருகைப் பதிவேட்டைப்போலவே ஒரு மரப் பதிவேடு வைத்திருக்கிறேன். எண், பெயர், மார்பளவு உயரத்தில் சுற்றளவு, பூத்த திங்கள், குறிப்பு என ஐந்து கட்டங்கள். அளவு நாடாவை நான் பிடித்தேன். அவள் எழுதினாள். காட்டெலுமிச்சை இலையைக் கசக்கி முகர்ந்து, பெயரை இருமுறை கேட்டுக்கொண்டாள். 212 முதல் 219 வரையுள்ள எட்டு இளமரங்கள் இப்போது அவள் கையெழுத்தில் இருக்கின்றன. குறிப்புக் கட்டத்தில் ஒன்றுக்கு மட்டும், ‘அடுத்த தை மாதம் மறுபடியும் அளக்க வேண்டும்’ என்று எழுதியிருக்கிறாள்.