வெற்றிக்கு வீடே முதல் திடல்



லாபிஸ் வட்டாரத் தோட்டங்களில் பந்து என்றால் காற்பந்துதான். டென்னிஸ், துரைமார் கிளப்பில் ஆடிய ஆட்டம். ஆயினும் இன்று ஒரு டென்னிஸ் வீரரைப் பற்றிப் பேச எடுத்துக்கொண்டோம். காரணம், அவர் கதை ஒரு மட்டையின் கதையன்று. ஒரு வீட்டின் கதை.

விஜய் அமிர்தராஜ் 1953-ஆம் ஆண்டு சென்னையில் பிறந்தார். சிறு வயதில் அவர் நோயாளிப் பிள்ளை. அடிக்கடி மருத்துவமனையில் படுத்ததால் பள்ளிப் பாடம் தவறிப்போயிற்று. தாயார் மேகி என்ன செய்தார் தெரியுமா? மகனுக்குப் பதிலாகத் தாமே வகுப்புக்குச் சென்றார். பாடத்தைக் குறிப்பெடுத்து வந்து படுக்கையருகே சொல்லிக் கொடுத்தார். இத்தனைக்கும் அவர் ஓய்வாக இருந்தவர் அல்லர். அட்டைப்பெட்டித் தொழிற்சாலை நடத்தி உழைத்தவர். பிள்ளை வெளியில் ஓடியாடினால் உடல் தேறும் என்றே டென்னிஸ் மட்டை அவன் கைக்கு வந்தது.

அந்தப் பிள்ளை 1973-இல், பத்தொன்பது வயதில், விம்பிள்டன் போட்டியிலும் அமெரிக்கப் போட்டியிலும் கால் இறுதிவரை சென்றான். புகழ்பெற்ற ராட் லேவரையே அந்த ஆண்டு வென்றான். அண்ணன் ஆனந்தும் விஜயும் 1976-இல் விம்பிள்டன் இரட்டையர் ஆட்டத்தில் அரை இறுதி கண்டார்கள். தம்பி அசோக்கும் மட்டை பிடித்தவரே. பின்னர் திரைப்படத் தயாரிப்பாளரானார். ஒரு வீட்டில் மூவர்!

தோல்வியும் இருந்தது. 1981-இல் விம்பிள்டன் கால் இறுதியில் ஜிம்மி கானர்ஸை எதிர்த்து முதல் இரண்டு செட்களை வென்றபின், அடுத்த மூன்றையும் விஜய் இழந்தார். பெரும்போட்டிகளில் ஒற்றையர் பட்டம் கடைசிவரை கிட்டவில்லை. ஆனாலும் ஆட்டத்தை விடவில்லை. 1987-இல் டேவிஸ் கோப்பை இறுதியில் இந்தியாவுக்காக ஆடினார்.

நாம் மறக்கக் கூடாத ஆண்டு 1974. இந்தியா டேவிஸ் கோப்பை இறுதிக்கு வந்தது. எதிரே தென்னாப்பிரிக்கா. அங்கே நிறவெறி ஆட்சி. இந்தியா ஆட மறுத்தது. கோப்பை ஆடாமலே கைவிட்டுப் போயிற்று. நம் முன்னோர் பால்மரக் காட்டுக்கு வந்தது போலவே, 1860 முதல் அந்நாட்டின் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கும் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். அவர்களின் பிள்ளைகளும் அந்த நிறவெறியின்கீழ் வாடியவர்களே. கோப்பையைவிட மானம் பெரிது என்று அன்று காட்டப்பட்டது. அதனையும் வெற்றிக் கணக்கில்தான் எழுத வேண்டும்.

மேகி அம்மையார் தம் பிள்ளைகளோடு நிற்கவில்லை. 1985-இல் சென்னையில் இளையோருக்கு டென்னிஸ் பயிற்சித் திட்டம் தொடங்கக் காரணமாயிருந்தார். அங்கே பயின்ற லியாண்டர் பயஸ் 1996 ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றார். 2024-இல் விஜயும் லியாண்டரும் அனைத்துலக டென்னிஸ் புகழ் மண்டபத்தில் ஒருசேர இடம்பெற்றனர்.

நேயர்களே, மட்டை வாங்க நம்மால் முடியாமல் போகலாம். தொழிற்சாலை நம்மிடம் இல்லை. விடியுமுன் பெரட்டுக்குப் போகிறவர்களுக்கு வகுப்பில் போய் அமர நேரமும் இல்லை. ஆனால் காய்ச்சலில் ஒரு வாரம் படுத்த பிள்ளை அந்த ஒரு வாரத்தாலேயே பின்தங்கி, பிறகு பள்ளியையே விட்டுவிடுவது உண்டு. "இதுக்குப் படிப்பு ஏறாது" என்று வீட்டிலேயே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். அப்படிச் சொல்லாதிருப்போம். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் ஏட்டை இரவல் கேட்போம். மாலையில் ஆசிரியரைக் கண்டு, விட்ட பாடம் எது என்று விசாரிப்போம். நமக்கு எழுத்துத் தெரியாவிட்டால் அண்ணனோ அக்காளோ படித்துக் காட்டட்டும். நாம் பக்கத்தில் அமர்ந்து கேட்போம்.

பிள்ளை தோற்று வரும் நாளில் முதலில் சோறு போடுவோம். கேள்வியைப் பிறகு கேட்கலாம். நாளை மீண்டும் திடலுக்குப் போகும் துணிவு அந்தச் சோற்றில்தான் இருக்கிறது.