வேதாகமச் செய்திகளும் புறச்சான்றுகளும்

(குருபரப்பள்ளியில் கூடிய நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உபந்நியாசம்)



கிறிஸ்தவ வேதாகமத்திற் கூறப்படும் நிகழ்ச்சிகளுக்கு அந்நூலுக்குப் புறம்பான சரித்திர ஆதாரம் உண்டா என்பது நம் இளைஞர் சிலர் சங்கத்திற்கு விடுத்த வினா. இவ்வூரைச் சூழ்ந்தும் ஒசூரிலும் உள்ள தொழிற்சாலைகளிற் பல மதத்தாரோடு கலந்து உழைப்பவர்க்கு இவ்வினா எழுதல் இயல்பே. ஒருவருடைய விசுவாசத்தை எடை போடுதல் நமது நோக்கமன்று. ஒரு நூல் சொல்லும் செய்தி மெய்யாக நிகழ்ந்ததென்று எவ்வாறு அறிவது என்பதே நாம் ஆராயப் புகுந்த பொருள். அம்முறை கைவந்தால் நமது குல சரித்திரத்திற்கும் அது பெரிதும் பயன்படும்.

முதலில் தெளிவான உதாரணம் ஒன்று காண்போம். அசீரிய வேந்தன் சனகெரிப் யூதா நாட்டின்மேற் படையெடுத்ததையும், எசேக்கியா மன்னன் அவனுக்குத் திறை செலுத்தியதையும் வேதாகமம் கூறுகின்றது. கி. மு. 701-ல் நிகழ்ந்த இப்படையெடுப்பைச் சனகெரிப் தானும் களிமண்ணாற் செய்த அறுகோணப் பட்டகங்களில் எழுதுவித்தான். அரண் சூழ்ந்த 46 ஊர்களைக் கைப்பற்றி, எசேக்கியாவை எருசலேமுக்குள் அடைத்து வைத்ததாக அவன் கூறுகின்றான். நகரத்தைப் பிடித்ததாகக் கூறவில்லை. திறைப்பொன் 30 தாலந்து என்பதில் இரண்டும் ஒத்திருக்கின்றன. வெள்ளியை வேதாகமம் 300 என்றும் பட்டகம் 800 என்றும் சொல்லும். தேவதூதன் ஓரிரவில் 185,000 பேரை மாய்த்தான் என்னும் செய்தியோ பட்டகத்தில் இல்லை. ஆகவே படையெடுப்பு சரித்திரத்தால் நிலைபெறுகின்றது. அற்புதம் விசுவாசத்தின்பாற்பட்டதாக நிற்கின்றது.

புதிய ஏற்பாட்டிற்கும் இத்தகைய சான்று உண்டு. ஏசுநாதருக்கு மரண தண்டனை விதித்த பிலாத்துவின் பெயர் பொறித்த கல் 1961-ல் செசரியா என்னும் பழைய துறைப்பட்டினத்திற் கிடைத்தது. ரோம சரித்திராசிரியராகிய தாசிதுவும் அத்தண்டனையைக் குறித்துள்ளார். மாறாக, இஸ்ரவேலர் எகிப்தில் அடிமைப்பட்டு வெளியேறிய வரலாற்றை உரைக்கும் எகிப்தியச் சாசனம் எதுவும் இதுகாறும் கிடைத்திலது. இஸ்ரவேல் என்னும் பெயரை முதன்முதற் காட்டுவது 1896-ல் அகப்பட்ட மெர்னெப்தா மன்னனது கல்வெட்டு. கி. மு. 1208-ஐ ஒட்டிய அக்கல், அம்மக்களைக் கானான் நாட்டினராகவே குறிக்கின்றது.

இனி நமது நாட்டிற்கு வருவோம். ஏசுநாதரின் சீடராகிய தோமையார் மயிலாப்பூரில் வந்து போதித்து உயிர் நீத்தார் என்பது நெடுங்கால வழக்கு. அவர் இந்தியா வந்தாரென வேதாகமம் யாண்டும் கூறவில்லை. அதனைக் கூறுவது வேதாகமத்திற் சேர்க்கப்படாத 'தோமையார் செயல்கள்' என்னும் சுரியானி மொழி நூல். கி. பி. 3-ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் அந்நூல், அவர் குந்தபர் என்னும் இந்திய அரசனிடம் சென்றாரென்கின்றது. அப்படி ஓர் அரசனை வேறெந்தச் சரித்திரமும் அறியாமையால் அது வெறுங்கதை என்று எண்ணப்பட்டது. 19-ஆம் நூற்றாண்டில் காபூலைச் சூழ்ந்த பகுதிகளிலும் பஞ்சாபிலும் அப்பெயர் பொறித்த நாணயங்கள் வெளிப்பட்டன. பெஷாவரை அடுத்த தக்த்-இ-பாஹியிற் கிடைத்த கல்வெட்டு அவ்வரசனது 26-ஆம் ஆட்சியாண்டைக் குறிக்கின்றது, அது கி. பி. 46-ஐ ஒட்டியதென அறிஞர் பலர் கணிப்பர். காலமும் தோமையார் காலத்தோடு பொருந்துகின்றது.

இதனால் விளங்குவது யாது? அரசன் மெய், அவன் காலமும் மெய். ஆனால் தோமையார் அவனைக் கண்டாரென்பதற்கு நாணயம் சாட்சியன்று. மேலும் அவ்வரசன் ஆண்டது வடமேற்கு எல்லை. மயிலாப்பூரோ தென்கோடிக் கடற்கரை. அரிக்கமேட்டில் 1945-ல் நடந்த அகழ்வும், தமிழகத்திற் கிடைத்த ரோம நாணயங்களும், அக்காலத்தில் மேல்நாட்டினின்று இக்கரைக்குக் கடல்வழி வாணிகம் இருந்ததைக் காட்டும். எனவே வந்திருக்கக்கூடும் என்பதுவரை சொல்லலாம். பரங்கிமலையில் 1547-ல் அகப்பட்ட பஹ்லவி எழுத்துச் சிலுவையோ பல நூற்றாண்டு பிற்பட்டது. பாரசீகத் தொடர்புடைய கிறிஸ்தவர் இங்கு வாழ்ந்தமைக்கே அது சான்றாகும்.

இவ்வாறு கூடும் என்பது வேறு, நிகழ்ந்தது என்பது வேறு. அதுபோலவே, சான்று இல்லை என்பதும் நிகழவில்லை என்பதும் ஒன்றல்ல. நமது ஜில்லாவிலேயே மயிலாடும்பாறை அகழ்வால் கி. மு. 2172-ல் இரும்பு வழங்கிய செய்தி 2022-ல் வெளியாயிற்று. எந்தப் புராணமும் உரையாத அதனை மண் உரைத்தது.

அன்பர்காள்! இந்த அளவுகோலைப் பிறர் நூலின்மேல் மட்டும் வைத்தல் நீதியாகாது. நாம் இன்ன அரச வம்சத்தார், இன்ன நாட்டினின்று வந்தோம் என்று விழாக்களிற் பேசுகின்றோமே. அவற்றுள் எவை சாசனத்தால் நிலைபெறுவன, எவை பாட்டன் வாய்மொழி, எவை பின்னோர் புனைந்தன என்று பிரித்ததுண்டா? பிரித்தாற் பெருமை குன்றுமென்று அஞ்ச வேண்டா. எஞ்சி நிற்பது எவராலும் அசைக்கவொண்ணாததாய் நிற்கும்.

அதற்குரிய சான்றுகள் நம் வயல்களிலேயே நிற்கின்றன. நம் பக்கத்தார் வேடியப்பன் என்று பூசிக்கும் நடுகற்களுட் பல, பண்டைய அரசரது ஆட்சியாண்டையும், ஆநிரை காக்க வீழ்ந்த வீரனது பெயரையும் தாங்கியவை. தக்த்-இ-பாஹிக் கல்லுக்கு எவ்வளவு மதிப்போ அவ்வளவு மதிப்பு அவற்றிற்கும் உண்டு. இன்றோ கல்குவாரியும் சாலையும் ஆலைமனைகளும் பெருகுகின்றன. நிலத்தை விற்கும் அவசரத்திற் கல் புதைந்தால், அது சொல்லவிருந்த செய்தி என்றைக்கும் கிட்டாது. ஆகலின் அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் நிலத்திலுள்ள எழுத்துக் கல்லையும், வீட்டிலுள்ள செப்பேடு, ஓலைகளையும் படமெடுத்துச் சங்கத்திற்கு அறிவிப்பாராக. கல்லை இடம் பெயர்க்குமுன் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தாரைக் கலந்து கொள்வாராக.

குந்தபர் பெயர் பல நூற்றாண்டு கழித்து நாணயத்தால் மீண்டது, அந்நாணயத்தை எவரும் உருக்கிவிடாமையாலன்றோ?