'பிரசன்ற்லி' என்றால் எப்போது?



இன்று ஓர் ஆங்கில வினையடையைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன். 'பிரசன்ற்லி' என்பது அந்தச் சொல். இலக்கிய நிகழ்ச்சியில் இதற்கென்ன வேலை என்று நீங்கள் நினைக்கக்கூடும். இந்தச் சொல் ஒருமுறை எங்கள் வீட்டு அடுப்பிலேயே கைவைத்துவிட்டது. அதனால்தான் அதன் பூர்வீகத்தைத் தேடிப் போனேன்.

ஐயா காலமானபின், அம்மாவுக்கு வரவேண்டிய ஓய்வூதியம் தொடர்பாக ஓர் அலுவலகத்துக்கு விண்ணப்பித்திருந்தோம். ஆங்கிலத்தில் மூன்று வரிப் பதில் வந்தது. தங்கள் விண்ணப்பம் 'பிரசன்ற்லி' கவனிக்கப்படும் என்பது கடைசி வரி. 'பிரசன்ற்' என்றால் நிகழ்காலம் என்று இலக்கணத்தில் படித்திருந்த நான், "இப்பவே பாக்கினமாம், அம்மா" என்று மொழிபெயர்த்துச் சொன்னேன். மறுநாளிலிருந்து அம்மா தபாற்காரரை எதிர்பார்த்துப் படலையடியில் நிற்கத் தொடங்கினார். இந்தக் கிழமை காசு வந்துவிடும் என்று சொல்லி அரிசியைக் கடனுக்கு வாங்கினார். கிழமைகள் மாதங்களாயின. கடைக்காரர் முகங்கொடுத்துப் பேசுவதும் குறைந்தது.

கடிதத்தை எங்கள் ஆங்கில ஆசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "தம்பி, இது 'இப்ப' இல்லை. 'பொறுங்கோ, பாப்பம்' எண்டுதான் எழுதியிருக்கு" என்றார்.

ஆனால், என் பிழை முழுப்பிழையுமன்று. இச்சொல் இலத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த 'பிரசன்ற்' என்பதன் வழிப் பிறந்தது. எதிரில் இருப்பது, கைக்கெட்டியது என்பது வேர்ப்பொருள். 15ஆம் நூற்றாண்டில் 'பிரசன்ற்லி' என்றால் 'உடனே' என்றுதான் பொருள். 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தில், இயேசு சபித்த அத்திமரம் பட்டுப்போகும் இடத்தில் இச்சொல்லே வருகிறது. அங்கே மரம் 'சிறிது நேரம் கழித்து'ப் படவில்லை, உடனே பட்டுப்போகிறது. இன்றைய பொருளை வைத்துக்கொண்டு படிப்பவருக்கு அற்புதத்தில் பாதி போய்விடும்.

அதே விவிலியத்தில் இன்னொரு வேடிக்கை. யோவானின் தலையைத் தட்டில் வைத்துத் தரும்படி ஏரோதியாளின் மகள் கேட்கிறாள். கிரேக்க மூலத்தில் உள்ள சொல்லுக்கு 'உடனே' என்று பொருள். 1611இன் ஆங்கிலமோ 'பை அன் பை' என்கிறது. இன்று அதற்குப் பொருள் 'பிறகொரு சமயம்'. ஆறுதலாகத் தந்தாற் போதும் என்று அவள் சொன்னதாக அல்லவா ஆகிவிடுகிறது! 1881இல் புதிய ஏற்பாட்டின் திருத்திய பதிப்பைக் கொண்டுவந்தவர்கள் இவ்விரண்டு இடங்களிலும் சொல்லை மாற்றிவிட்டார்கள்.

'சூன்' என்ற சாதாரணச் சொல்லுக்கும் இதே கதிதான். பழைய ஆங்கிலத்தில் அது 'சோனா', பொருள் 'அக்கணமே'. 'அனன்' என்பது 'ஒன்றில்' என்ற தொடரிலிருந்து வந்து 'உடனே' என்றாகிப் பின்னர் 'விரைவில்' என்று இளகியது. ஷேக்ஸ்பியரின் 'நான்காம் ஹென்றி' முதற் பாகத்தில், தவறணையிலே ஊற்றிக்கொடுக்கும் பிரான்சிஸ் என்ற பையன் இருக்கிறான். ஒருபக்கம் இளவரசன் பேச்சுக் கொடுத்து மறிக்கிறான். மறுபக்கம் அவன் தோழன் கூப்பிடுகிறான். பையன் 'அனன், அனன்' என்று குரல் கொடுக்கிறானேயன்றிப் போகிறானில்லை. 1598இல் அச்சேறிய அந்த நாடகத்தில், ஒரு சொல் எப்படித் தேய்கிறதென்பதை மேடையிலேயே பார்க்கலாம். அகராதியைக் குறை சொல்லிப் பயனில்லை. 'உடனே' என்று சொல்லிவிட்டுத் தாமதிப்பவன் மனிதன். பழி சொல்லின் தலையில் விழுகிறது.

நம்முடைய 'உடனே'யும் 'கூட' என்று பொருள்படும் 'உடன்' என்பதிலிருந்து வந்ததே. அது இன்னும் பெருமளவு தேயாமலிருப்பது ஆச்சரியந்தான்.

'பிரசன்ற்லி'க்கு 'இப்போது' என்ற பொருளும் ஒருபுறம் பழைமையானது. இங்கிலாந்தின் எழுத்து வழக்கில் அது மங்கிப்போனாலும் ஸ்கொற்லாந்தில் நிலைத்தது, அமெரிக்காவிலும் வழங்குகிறது. நமது விண்ணப்பக் கடிதங்களிலும் 'தற்போது பணிபுரிகிறேன்' என்பதற்கு இச்சொல்லையே போடுகிறோம். இரண்டு பொருளையும் பிரித்தறிய வழி, பக்கத்திலுள்ள வினையைப் பார்ப்பதே. வினை நிகழ்காலமாயின் பெரும்பாலும் 'இப்போது'. எதிர்காலமாயின் 'சற்றுப் பின்னர்'. நான் 'கவனிக்கப்படும்' என்ற வினையைப் பாராமல் வினையடையை மட்டும் பார்த்தேன். அம்மா அரிசிக்கடைப் படியில் நின்றது அதனாலேதான்.

ஆசிரியர் சொன்னதை அன்றிரவு அம்மாவிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். விளக்கைத் தணித்துக்கொண்டே, "கொய்யா இப்ப வாறன் எண்டு சொல்லிப்போட்டுச் சந்திக்குப் போறவர். அது மாதிரியோ?" என்று கேட்டார்.

ஓய்வூதியம் பதினொரு மாதம் கழித்து வந்தது.